மாட வீதியிலிருந்து குப்பம் வரை

மயிலாப்பூர், மாட வீதிகள்

மார்கழியில் மயிலாப்பூரைப் பார்க்க வேண்டுமென்றால் விடிவதற்குள் வடக்கு மாட வீதிக்கு வந்துவிட வேண்டும். கபாலீசுவரர் கோயில் கோபுரத்தில் இன்னும் இருட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அடுக்குமாடிக் கட்டிடங்களின் இரும்புக் கேட்டுக்கு வெளியே, இருக்கிற ஒரு முழ அகலத் தரையில் பெண்கள் புள்ளி வைத்துக்கொண்டிருப்பார்கள். தெற்கு மாட வீதியில் காய்கறி மூட்டை இறங்கும். அப்போது ஜால்ராச் சத்தமும் ஆர்மோனியச் சத்தமும் முன்னே வர, பின்னால் பஜனைக் கோஷ்டி வரும்.

இந்த நான்கு வீதிகளிலும் மார்கழிதோறும் பாடிக்கொண்டு நடந்தவர் பாபநாசம் சிவன். தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து மயிலாப்பூரில் தங்கிய அவர் கபாலியையும் கற்பகாம்பாளையும் பாடிய பாட்டுகள் பிறகு கச்சேரி மேடை ஏறின. அவர் எழுதிய சினிமாப் பாட்டுகள் தமிழகம் முழுக்கப் போயின. 1971இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. அதற்கு எத்தனையோ வருடம் முன்பே, பாலுக்கும் பூவுக்கும் வந்தவர்கள் அவர் பாட்டைத் தெருவில் நின்று இலவசமாகக் கேட்டிருந்தார்கள்.

கோயில் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா, பஜனை கடக்கும்போது கையை நிறுத்தாமல் கூடவே முணுமுணுத்தார். வரி பிசகவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"சின்ன வயசுலேர்ந்து இங்கதான குந்தினுக்கிறேன். காதுல வுழுந்துனே இருந்தா வராதா?"

"சபாவுக்குப் போனதுண்டாக்கா? இங்கேயே பக்கத்தில் எத்தனை இருக்கு?"

கொஞ்ச நேரம் நாரை இழுத்து முடிச்சுப் போட்டார். "பூ குடுக்கப் போயிருக்கிறேன் தம்பி. மேடைக்கு மாலை. உள்ள குந்திக் கேட்டதில்ல. யாரும் வராதன்னு சொன்னதில்ல. நாங்களும் போனதில்ல."

இந்த ஊருக்கு நான் வந்த காரணத்தை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். உலகம் முழுக்கப் பெரிய இசைக்குழுக்கள் இன்று தங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்வி, தங்கள் ஊரில் இருப்பவர்களில் எத்தனை பேர் தங்கள் அரங்குக்குள் வந்திருக்கிறார்கள் என்பது. சென்னையில் அப்படி ஒற்றைப் பெரிய இசைக்குழு கிடையாது. அந்த இடத்தில் டிசம்பர் சீசன் இருக்கிறது. டஜன் கணக்கான சபாக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடக்கும் ஒரு மாதம். வேறெந்த நகரமும் பொறாமைப்படக்கூடிய செல்வம் அது. அந்தச் செல்வத்துக்கு அரை ஃபர்லாங் தூரத்தில் உட்கார்ந்திருப்பவர் மாலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறார்.

நான் திருவாரூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் இசை என்றால் நாகஸ்வரம், அதுவும் தெருவில். சாமி புறப்பாட்டில் மல்லாரி தொடங்கினால் சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றி நின்றுவிடுவார். கூட நடக்கிற எவரும் ரசிகர். மயிலாப்பூரிலும் பங்குனிப் பெருவிழாவில் இதே கதைதான். அறுபத்துமூவர் அன்று இந்த வீதிகள் முழுக்கத் தலைகளாக இருக்கும். இவ்வளவு பெரிய கேட்கும் கூட்டம் எந்தச் சபாவுக்கும் வாய்த்ததில்லை.

அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸில் இடம் கிடைக்கக் காத்திருந்து சாப்பிட்டேன். இட்லி, நெய் வழியும் பொங்கல், கெட்டிச் சட்னி. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முந்தின நாள் கேட்ட தோடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பரிமாறியவரும் பேச்சில் சேர்ந்துகொண்டார்.

மயிலாப்பூர், ஒரு சந்து

தோடியைத் தாங்கும் மிருதங்கம் எங்கே உருவாகிறது என்று பார்க்க, குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சந்துக்குள் போனேன். பெயர்ப்பலகை ஏதும் இல்லை. வாசலுக்கு வெளியிலேயே பலாமரக் கட்டைகள் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். உள்ளே ஒருவர் காலால் மிருதங்கத்தை அணைத்துப் பிடித்து, இரண்டு கையாலும் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளங்கை தடித்து, கயிறு இழுத்த தோணிக்காரர் கைபோல் இருந்தது.

சீசன் மாதத்தில் அவர்களுக்குத் தூக்கம் கிடையாது. சாயங்காலக் கச்சேரிக்கு மத்தியானம் மூட்டு மாற்றிக் கொடு என்று வித்வான்கள் வந்து நிற்பார்கள். வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம், கல்லைப் பொடித்துச் சோற்றோடு குழைத்து மெல்லிய பூச்சாகப் பூசி, தேய்த்து, மறுபடி பூசி எழுப்புவது. சுருதி நிற்பதும் நாதம் பேசுவதும் அந்தத் தேய்ப்பில்தான். மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் சேராமல் மிருதங்கம் இல்லை. பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் தலைமுறைகளாக இந்த வேலையைச் செய்து வருகின்றன. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்க நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்கிற கைவினைஞர் இருந்தார். மணி ஐயர் கேட்டதை அவர் தோலில் கொண்டுவந்தார் என்றால் இருவரும் சேர்ந்துதான் அந்த நாதத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் பெயர் ஒவ்வொரு ரசிகருக்கும் தெரியும்.

இந்தக் குடும்பங்களின் கதையைக் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூலாக எழுதினார். 2020 பிப்ரவரியில் அதன் வெளியீட்டுக்கு முதலில் அரங்கம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்திரா, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. தரமணியில் ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் வெளியீடு நடந்தது. ஒரு வாத்தியத்தைச் செய்கிறவரைப் பற்றிப் பேசவே இவ்வளவு பாடு.

"கச்சேரிக்குப் போவீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"வாத்தியத்த எடுத்துனு போவேன் சார். சைடுல நின்னு முதல் பாட்டு கேப்பேன். சரியா பேசுதான்னு பாக்கணும்ல. அப்புறம் வந்துடுவேன், அடுத்த ஆள் காத்துனு இருப்பார்."

எந்த சபாவும் தன் மேடையில் ஒலிக்கும் மிருதங்கத்தைச் செய்தவர் பெயரை நிகழ்ச்சி நிரலில் அச்சடிக்கலாம். செலவு ஒரு வரி மை.

லஸ், நாகேஸ்வர ராவ் பூங்கா

லஸ் முனையை மெட்ரோ வேலை தகரத் தடுப்புகளால் கூறுபோட்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு பூங்காவுக்குள் நுழைந்தால் திடீரென்று காற்று மாறுகிறது. அமிர்தாஞ்சன் நிறுவனரும் விடுதலைப் போராட்ட வீரருமான காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பெயரில் இருக்கும் இந்தப் பூங்கா ஒரு காலத்தில் குட்டையாக இருந்த இடம். இங்கே மாதம் ஒரு ஞாயிறு காலை, மைக் இல்லாமல் சிறுவர் சிறுமியர் பாடும் கச்சேரி நடப்பது மயிலாப்பூர்க்காரர்களுக்குத் தெரியும்.

மைக் இல்லாததால் பாடும் குழந்தையின் பக்கத்தில் போய் உட்கார வேண்டியிருக்கிறது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஒரு சுற்று முடிந்ததும் நின்று, ஒரு கீர்த்தனை கேட்டு, அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள். குப்பை பெருக்கும் பெண் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்கிறார். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர் நேரே முன்வரிசைக்கு உருட்டிக்கொண்டு வந்தார். ஏறவோ இறங்கவோ படி இல்லை. கைக்குழந்தை அழுதால் யாரும் திரும்பிப் பார்த்து முறைக்கவில்லை. குழந்தை அழுதது, அம்மா மரத்தடிக்குப் போய்ச் சமாதானப்படுத்தித் திரும்பி வந்தார். ஒரு கச்சேரியில் இவ்வளவு வகையான மனிதர்களை நான் சேர்த்துப் பார்த்ததில்லை.

ஆனால் பாடிய குழந்தைகளைப் பார்த்தபோது எனக்கு வேறொரு எண்ணம். சொல்லிக்கொடுக்க வாத்தியார் வேண்டும். வாரம் இரண்டு வகுப்புக்குச் சம்பளம் வேண்டும். வீட்டில் சாதகம் செய்ய ஒரு மூலை வேண்டும். கேட்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறப்பது முதல் பாதி என்றால், பாட வருகிறவர்களுக்கு யார் திறப்பது? 1949இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு சென்னையில் தொடங்கிய அரசு இசைக் கல்லூரி அடையாற்றங்கரைப் பக்கம் இன்றும் இருக்கிறது. எங்கள் திருவாரூர் உட்படப் பல மாவட்டங்களில் அரசு இசைப் பள்ளிகள் நாகஸ்வரமும் தவிலும் தேவாரமும் சொல்லிக்கொடுக்கின்றன. அந்தப் பள்ளிகளில் படித்து வருகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சீசனில் ஒரு மத்தியான மேடையாவது கிடைக்கிறது என்பதை சபாக் காரியதரிசிகள் ஒரு முறை உட்கார்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

டி.டி.கே. சாலை

கதீட்ரல் சாலை முனையில் மியூசிக் அகாடமி. 1927 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928இல் அகாடமி பிறந்தது. இப்போதுள்ள கட்டிடம் 1962இல் திறக்கப்பட்டது. இந்த வாசலில் நிற்கும்போது மரியாதை தானாக வருகிறது. நான் வணங்கும் எத்தனையோ குரல்கள் இங்கே ஒலித்தவை.

இந்தக் கதவு தானாகத் திறந்ததில்லை, ஒவ்வொரு முறையும் யாரோ தட்டித்தான் திறந்திருக்கிறது. பொட்டுக்கட்டும் மரபுப் பெண்களின் நாட்டியத்தை ஊர் இழிவாகப் பேசிக்கொண்டிருந்த 1931இல் கல்யாணி மகள்கள் என்ற நாட்டியச் சகோதரிகளை அகாடமி மேடையேற்ற முன்னால் நின்றவர் இ. கிருஷ்ண ஐயர். கச்சேரியில் தமிழ்ப் பாட்டு எங்கே என்ற கேள்வி 1941இல் அண்ணாமலை நகரில் தீர்மானமாகி, 1943இல் தமிழ் இசைச் சங்கமாக உருவெடுத்தது. கல்கி அதற்காக எழுதிக் குவித்தார். எதிர்த்தவர்களும் பெரியவர்கள்தான். பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்று கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்பது அன்றைக்குப் பெரிய சண்டையாக இருந்தது. இன்று கச்சேரியில் தமிழ்ப் பாட்டு இல்லாவிட்டால்தான் ரசிகர்கள் கேட்கிறார்கள். 1968இல்தான் ஒரு பெண்ணுக்குச் சங்கீத கலாநிதி போனது, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு. நாகஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998இல் வந்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு வரவே இல்லை. 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் நாட்டின் விடுதலையை வானொலியில் வரவேற்றது அவருடைய நாகஸ்வரம். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இந்த ஒரு விஷயத்தில் இன்னும் ஆறாத மனக்குறை உண்டு, எனக்கும் உண்டு.

2024 மார்ச்சில் டி.எம். கிருஷ்ணாவுக்கு அந்த விருது அறிவிக்கப்பட்டதும் சில கலைஞர்கள் அந்த ஆண்டுச் சீசனிலிருந்து விலகினார்கள். சாதி பற்றி அவர் பேசியதும் எழுதியதும்தான் சச்சரவின் அடியில் இருந்தன. அகாடமி அறிவிப்பை மாற்றவில்லை. அது அந்த நிறுவனத்தின் வரலாற்றில் ஒரு நல்ல நாள் என்று நான் நினைக்கிறேன்.

சீசனில் சபாக் கேன்டீன்களுக்குத் தனி ஜாதகம். அடை அவியல், கீரை வடை, வாழைப்பூ வடை, அசோகா அல்வா. சாப்பிட டிக்கெட் கேட்க மாட்டார்கள் என்பதால் கச்சேரிக்கு வராதவர்களும் வந்து இலைக்கு முன் உட்காருவார்கள். ரசிகரும் ஆபீஸ் முடித்து வருகிறவரும் மாணவர்களும் கலந்து உட்கார்ந்திருந்த அந்தப் பந்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உணவுக்கு முடிகிறதே.

வெளியே சாலையோரம் கார்கள். டிரைவர்கள் மூன்று மணி நேரம் காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் போனை ஸ்டியரிங்மேல் சாய்த்து வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இளையராஜா பாட்டு.

"இது மோகனம் சார். மேடம் சொல்லிக்குடுத்தாங்க. தினம் வண்டியில கச்சேரிதான், கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சு. உள்ள யார் பாடறாங்கன்னும் தெரியும். பின்னாடி சீட்டுக்கு டிக்கெட் வாங்கலாம், ஆனா வண்டிய யார் பாத்துப்பா?"

பெரும்பாலான சபாக்களில் மத்தியானக் கச்சேரிகள் இலவசம். காலி நாற்காலிகள் இருக்கும். ராகம் தெரிந்த ஒரு டிரைவர் வாசலுக்கு வெளியே பத்தடி தூரத்தில் காரில் இருப்பார். வாகன நிறுத்தத்துக்கு ஒரு காவலாளியை வைத்து, உள்ளே ஒரு வரிசையை அவர்களுக்கு ஒதுக்கினால் அந்தப் பத்தடி கடந்துவிடும். லண்டனில் 1895இல் தொடங்கிய ப்ராம்ஸ் கச்சேரிகளில் முதல் நாள் முதலே மலிவு விலையில் நின்று கேட்க இடம் வைத்தார்கள். மேடைக்கு நேர் எதிரே நிற்கும் அந்தக் கூட்டத்துக்கு இன்றும் சலுகை விலைதான்.

தியாகராய நகர்

மகாராஜபுரம் சந்தானம் சாலை என்று பெயர் மாறிய பழைய கிரிஃபித் சாலையில் கிருஷ்ண கான சபா, ஜி.என். செட்டி சாலையில் வாணி மகால். நாட்டியத்துக்காக கிருஷ்ண கான சபா நடத்தும் கருத்தரங்குகளுக்கு நாடு முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் பெயரில் எழுந்த நகர் இது. நடுவில் இருக்கும் பூங்காவுக்கும் இன்னொரு நீதிக்கட்சித் தலைவரான பனகல் அரசர் பெயர்.

ஆனால் இந்த ஊரின் பெரிய மேடை ரங்கநாதன் தெரு. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் கூட்டம் தானே இழுத்துக்கொண்டு போகிறது. பாத்திரக்கடை, புடவைக்கடை, சுண்டல், வெட்டிய மாங்காய்க்கு மிளகாய்த்தூள். அந்த இரைச்சலுக்குள் ஒரு குரல். சக்கரம் வைத்த ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு, பார்வை இல்லாத ஒரு தம்பதி பழைய சினிமாப் பாட்டைப் பாடிக்கொண்டு வந்தார்கள். அவர் பல்லவி, அந்த அம்மா சரணம். மேல் ஸ்தாயியில் போன அந்த அம்மாவின் குரலில் கொஞ்சமும் பிசிறில்லை.

ஓரமாக நிழலில் நின்றபோது பேசினேன். இருவரும் பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர்கள். அவர் கீபோர்டு வாசிப்பார், கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு பாடியிருக்கிறார்.

"சபாவுக்குப் போயிருக்கோம் சார்," என்றார் அந்த அம்மா. "எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாசல்ல எத்தன படின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. உள்ள இருட்டு வெளிச்சம் எங்களுக்குப் பிரச்சினை இல்ல, சீட்டு நம்பர் கண்டுபிடிக்கிறதுதான். ஒரு தடவ ஒருத்தர் கையப் பிடிச்சுக் கொண்டுபோய் உக்கார வெச்சார். முடிஞ்சதும் எல்லாரும் போய்ட்டாங்க. நாங்க அப்படியே உக்காந்திருந்தோம்."

கணவர் குறுக்கிட்டார். "கேக்கறது இருக்கட்டும் சார். எங்கள ஒரு தடவ பாடச் சொல்வாங்களா? பார்வையற்றோர் தினம்னு இல்லாம, சும்மா ஒரு நாள்?"

இந்தக் கேள்வியை நான் பல நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். இங்கிலாந்தின் தென்கரையில் பூர்ன்மவுத் சிம்பொனி என்று ஒரு வட்டார இசைக்குழு. 2018இல் அது மாற்றுத்திறனாளிக் கலைஞர்களையே கொண்ட ஒரு குழுவைத் தன் அங்கமாக அமைத்தது. ஜேம்ஸ் ரோஸ் அதை நடத்தினார். கையால் கோல் பிடிக்க இயலாததால், தலையில் பொருத்திய கோலால் தாளம் காட்டினார். அதே ஆண்டு அவர்கள் ப்ராம்ஸ் மேடையில் வாசித்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் உண்டு. அனுதாபக் கைத்தட்டலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ரங்கநாதன் தெருவில் கேட்ட அந்தக் குரலுக்கு இரண்டு மாதம் நல்ல சிட்சையும் ஒரு மேடையும் கொடுத்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது.

இதே நகரில் ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. அவருடைய அறக்கட்டளை நடத்தும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் வயலினும் செல்லோவும் ட்ரம்பெட்டும் பணம் கொடுக்காமல் கற்கிறார்கள். ஒரு செல்லோவின் விலை பல குடும்பங்களின் மாத வருமானத்தைவிட அதிகம். வாத்தியத்தைக் கையில் கொடுத்து, வாத்தியாரையும் பக்கத்தில் உட்கார வைத்தால்தான் பிள்ளை கற்கும். சிம்பொனி இசைக்கு இதைச் செய்ய ஒருவர் முன்வந்தார். நம் வீணைக்கும் புல்லாங்குழலுக்கும் மிருதங்கத்துக்கும் இவ்வளவு பெரிய அளவில் செய்ய இத்தனை சபாக்கள் சேர்ந்தும் முன்வரவில்லை என்பதை எழுத வருத்தமாக இருக்கிறது.

2020 டிசம்பரில் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. கானா, ஒப்பாரி, பறை என்று தெருவிலும் சாவு வீட்டிலும் ஒலித்த இசை, சீசன் மாதத்திலேயே அரங்கத்து மேடையில் வரிசையாக வந்தது. அதற்கு முன் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாகப் பாடிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவை ஆயிரக்கணக்கானோர் நின்று கேட்டார்கள். மார்கழி யாருடையது என்ற கேள்விக்கு இந்த இரண்டும் கொடுத்த பதில், எந்த சபாவின் தீர்மானத்தைவிடவும் உரக்கக் கேட்டது.

அடையாறு, ஊரூர் ஆல்காட் குப்பம்

திரு.வி.க. பாலத்தில் அடையாற்றைக் கடந்து, பெசன்ட் நகர் போய், எலியட்ஸ் கடற்கரையில் இறங்கினேன். 1930இல் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரர் ஷ்மிட்டின் நினைவு வளைவைச் சுற்றிப் பஜ்ஜிக் கடைகள், ராட்டினங்கள். அங்கிருந்து மணலில் வடக்கே நடந்தால் ஃபைபர் படகுகள் வரிசையாக நிற்கும் இடத்தில் வெளிச்சம் குறைகிறது. ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் ஒட்டிக்கொண்டிருக்கும் மீனவர் ஊர். அப்பால் ஆற்று முகத்துவாரத்தில் 1977இல் இடிந்த உடைந்த பாலம்.

ஆல்காட் என்கிற பெயர் இங்கே சும்மா ஒட்டிக்கொண்டதல்ல. பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான ஆல்காட், பள்ளிக்கூடம் சேர்க்காத சாதிப் பிள்ளைகளுக்காக 1894இல் இந்தப் பக்கத்தில் இலவசப் பள்ளி தொடங்கினார். அந்த மரபில் வந்த பள்ளி பெசன்ட் நகரில் இன்றும் கட்டணமில்லாமல் நடக்கிறது. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் அவரோடுதான் இலங்கைக்குப் போய் பௌத்தம் தழுவித் திரும்பினார். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற பெயரின் வேர் அயோத்திதாசரிடம் இருக்கிறது. கடற்கரையோரத்து ஒரு சிறு பள்ளியிலிருந்து கீழ்ப்பாக்கத்துப் பாட்டு வரைக்கும் ஒரு கோடு ஓடுவதை நான் இங்கே நின்றபோதுதான் முழுதாகப் பார்த்தேன்.

2015 தொடக்கத்தில் டி.எம். கிருஷ்ணாவும் சுற்றுச்சூழல் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமனும் நண்பர்களும் குப்பத்து மக்களோடு சேர்ந்து ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவைத் தொடங்கினார்கள். எல்லையம்மன் கோயில் பக்கத்தில் மேடை. பொதுமக்கள் கொடுத்த பணம். கர்நாடக சங்கீதமும் பரதநாட்டியமும் பறையாட்டமும் வில்லுப்பாட்டும் ஒரே மேடையில், ஒரே மரியாதையில். சபாவில் முதல் வரிசையில் உட்காருகிறவர்கள் மணலில் உட்கார்ந்தார்கள். கிருஷ்ணா 2016இல் மகசேசே விருது பெற்றபோது இந்த முயற்சியும் பேசப்பட்டது. பிறகு இதுவே சென்னை கலைத் தெரு விழா என்ற பெயரில் தொடர்ந்தது. பாடகி சங்கீதா சிவகுமாரும் கிருஷ்ணாவும் காஞ்சிபுரம் பக்கத்துக் கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலின் குழுவோடு சேர்ந்து செய்த 'கர்நாடகக் கட்டைக்கூத்து' இதே எண்ணத்தின் இன்னொரு கிளை. கூத்தின் குரலும் கச்சேரியின் குரலும் ஒன்றை ஒன்று மட்டம் தட்டாமல் மாறி மாறி வருவதே அதன் அழகு.

விமரிசனங்களும் வந்தன. கேட்காத மக்களுக்குக் கச்சேரியைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. அதனால் குப்பத்துக்காரர்களிடமே கேட்பது என்று முடிவு செய்தேன். படகு நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் யோசித்துப் பேசினார்.

"மொதல்ல வந்தவங்க பைய மடியிலயே வெச்சுனு குந்தினாங்க. பயந்தாங்க. அப்பறம் எங்க வூட்ல தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. அது எனக்குப் பெரிசு. பாட்டு எனக்கு முழுசா புரிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன். எங்க பசங்க மேடை ஏறி ஆடுனானுங்கோ, அத அவங்களும் குந்திப் பாத்தாங்க."

மீன் கூடையோடு வந்த அக்கா அவரை இடைமறித்தார். சாலையோரக் கடையில் பொரித்த நெத்திலியைத் தட்டில் எனக்கும் வைத்தார். மிளகாயும் உப்பும் சரியாகப் பிடித்த மொறுமொறு நெத்திலி, பக்கத்தில் வெங்காயம்.

"விழா நல்லதுதான் தம்பி. ஆனா பாட்டு பாட வந்தவங்க, எங்க கரையில ரோடு போடறேன்னு வந்தா அப்பவும் வரணும். வந்தவங்களும் இருக்காங்க, அத சொல்லணும். உடைஞ்ச பாலத்த கட்டி சாந்தோம் வரைக்கும் ரோடு வுடப் போறோம்னு அடிக்கடி சொல்றாங்க. ரோடு வந்தா வலை எங்க காய வெக்கறது, மேடை எங்க போடறது?"

அந்த ரோடு வந்தால் குப்பத்தின் முகமே மாறிவிடும். இசையோடு அந்தக் கரைப் பிரச்சினையையும் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டதால்தான் இந்த விழா எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. நாற்காலி போட்டுக் கூப்பிடுவது எளிது. அவர்கள் கரையும் தெருவும் பிழைக்க வேண்டும் என்று கூட நிற்கிற இசைக்காரர்களை நான் வேறெங்கும் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

மீன் அக்கா என் ஊரைப் பற்றிக் கேட்டார். தேர், தெப்பம், நாகஸ்வரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

"சாமி எல்லாத் தெருவுக்கும் வருமா?"

வராது. எங்கள் ஊரில் சாமி நான்கு வீதி சுற்றி நிலைக்குத் திரும்பிவிடும். கிழக்கே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெருவுக்குப் போனதே இல்லை. அந்தத் தெருவில் மூன்று தலைமுறையாகப் பறையடிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வாய்க்கால் மேல் இப்போது சிமென்ட் பாலம் இருக்கிறது, ஒரு லாரி போகிற அகலம். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "பாலம் இருக்குதுல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுத்து வந்தவருக்கு வஞ்சிரம் விலை சொல்லப் போய்விட்டார்.

பங்குனித் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் மாசியிலேயே கூட்டம் போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் எழுந்து, புறப்பாடு பாலம் தாண்டிப் போக வேண்டும், திரும்பி வரும்போது அந்தத் தெருப் பறையும் நாகஸ்வரத்தோடு நான்கு வீதியும் வர வேண்டும் என்று கேட்கப் போகிறேன். உபயதாரர்களில் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எங்கள் தவில்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார். சென்னையிலிருந்தே போன் செய்து கேட்டுவிட்டேன்.